மைனிங் பூல் நடத்துபவர் பயனருக்கு என்ன சொல்லக் கடமைப்பட்டவர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூலில் மெஷினை இணைத்திருப்பவர்கள் மறுபடி மறுபடி கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் பிட்காயின் பூல்களை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். பூல் நடத்துபவர்களுக்கான கேள்விகளும் நடுவில் உண்டு. அவற்றைப் பயனர்களும் படித்துவிடுங்கள்.

சொந்தமாகவே மைன் செய்யலாமே, பூல் எதற்கு?

நெட்வொர்க் டிஃபிகல்ட்டி (ஒரு பிளாக்கைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) 2024 நவம்பரில் முதன்முறையாக 100 டிரில்லியனைத் தாண்டியது. அந்த அளவில் 100 டெராஹாஷ் (விநாடிக்கு 100 லட்சம் கோடி முயற்சிகள்) மெஷின் ஒன்று தனியாக ஓடினால், வெகுமதி தரும் ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) கிடைக்கச் சராசரியாக 136 ஆண்டுகள் ஆகும். நாளையே கிடைக்கலாம், கடைசிவரை கிடைக்காமலும் போகலாம். இந்த நிச்சயமின்மையைப் பலர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வதுதான் பூல். செக் நாட்டில் தொடங்கிய ஸ்லஷ் பூல் 2010 டிசம்பரில் முதல் பிளாக்கைக் கண்டது. இன்று பிரெய்ன்ஸ் பூல் என்ற பெயரில் ஓடுகிறது.

பூலில் சேர்ந்த நிமிடத்திலிருந்து உங்கள் வருமானத்தை எழுதும் கணக்குப்புத்தகம் இன்னொருவர் கையில் இருக்கிறது. உங்கள் மெஷின் அனுப்பிய ஷேர்களை (வேலை செய்ததற்கான சான்றுகளை) எண்ணுபவர், பிளாக் கிடைத்ததா என்று சொல்பவர், கமிஷன் பிடிப்பவர், உங்கள் பாக்கியை வைத்திருப்பவர் எல்லாம் ஒரே ஆள். அவர் வாய் திறந்து சொல்வதை எப்போது, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் ஓடும் கேள்வி.

ஏமாற்ற வேண்டுமென்றால் எந்தெந்த இடத்தில் ஏமாற்றலாம்?

ஷேர்களைக் குறைத்து எண்ணலாம். பிளாக்கோடு சேர்ந்து வரும் பரிவர்த்தனைக் கட்டணத்தைத் தானே வைத்துக்கொண்டு, '0% கமிஷன்' என்று விளம்பரம் செய்யலாம். அதே உழைப்பில் கூடவே கிடைக்கும் வேறு காயினைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கலாம். லைட்காயின் பூலில் டோஜ்காயினும் சேர்ந்தே மைன் ஆகும் ஏற்பாடு 2014இலிருந்து இருக்கிறது. டோஜ் பங்கு தனக்கு வருகிறதா என்று கேட்காமலே லைட்காயின் மைன் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பயனர்களின் பாக்கிப் பணத்தை எடுத்து வேறு எங்காவது முதலீடு செய்யலாம்.

நான் பார்த்தவரை பச்சைப் பொய் குறைவு. சொல்லாமல் விடுவதில்தான் அதிகம் நடக்கிறது. அதனால் ஒரு பூலை எடைபோடும்போது, அது சொல்வது உண்மையா என்று பார்ப்பதோடு எதைச் சொல்லவில்லை என்றும் தேடுங்கள்.

எனக்கு வர வேண்டிய தொகையை நானே கணக்கிட முடியுமா?

முடியும். ஒவ்வொரு பயனரும் ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

உங்கள் ஹாஷ்ரேட்டை (விநாடிக்கு எத்தனை ஹாஷ் என்பதை) ஒரு நாளின் 86,400 விநாடிகளால் பெருக்குங்கள். அதை டிஃபிகல்ட்டியால் வகுத்து, மீண்டும் 429.5 கோடியால் (2இன் 32ஆம் அடுக்கு) வகுங்கள். கிடைப்பது, ஒரு நாளில் நீங்கள் சராசரியாகக் கண்டுபிடிக்கும் பிளாக்கின் பின்னம். அதை பிளாக் வெகுமதியால் பெருக்கினால் உங்கள் தினசரி வருமானம். 2024 ஏப்ரலில் நடந்த ஹாவிங்குக்கு (வெகுமதி பாதியாகும் நிகழ்வு) பிறகு வெகுமதி 3.125 பிட்காயின்.

உதாரணத்துக்கு 100 டெராஹாஷ், டிஃபிகல்ட்டி 100 டிரில்லியன். இரண்டு எண்ணும் ஒன்றையொன்று அடித்துவிடும். மிஞ்சுவது 86,400 ÷ 429.5 கோடி × 3.125. விடை 0.0000629 பிட்காயின், அதாவது சுமார் 6,286 சதோஷி (பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஒரு சதோஷி). 2% கமிஷன் பிடித்தால் 6,161. இதோடு பரிவர்த்தனைக் கட்டணத்தில் உங்கள் பங்கு சேர வேண்டும்.

ஒரு வாரச் சராசரியை இதோடு ஒப்பிடுங்கள். நிலையான தொகை தரும் பூலில் பெரிய வித்தியாசம் வந்தால், நடத்துபவரிடம் கேட்க உங்களிடம் இப்போது ஒரு எண் இருக்கிறது. 'ரொம்பக் குறைவா வருதே' என்று கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு, '6,161 வர வேண்டும், 5,700 வருகிறது, மீதி எங்கே?' என்று கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு.

என் மெஷின் 100 டெராஹாஷ் காட்டுகிறது, பூல் 91தான் காட்டுகிறது. திருடுகிறார்களா?

எந்தக் கால அளவின் சராசரி என்று முதலில் பாருங்கள். மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று பூலுக்குத் தெரியாது. வந்து சேரும் ஷேர்களை எண்ணி ஹாஷ்ரேட்டை ஊகிக்கிறது. ஷேர் டிஃபிகல்ட்டி 65,536 என்று வைத்துக்கொண்டால் 100 டெராஹாஷ் மெஷின் சராசரியாக 2.8 விநாடிக்கு ஒரு ஷேர் அனுப்பும். பத்து நிமிடத்தில் சுமார் 213. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் 7% அளவுக்கு ஏற்ற இறக்கம் தற்செயலாகவே வரும், சில நேரம் அதற்கு மேலும். ஆகவே பத்து நிமிடக் கணக்கில் 91 என்பது ஒன்றுமே இல்லை.

24 மணி நேரச் சராசரியில் கதை வேறு. ஷேர்கள் 30,000க்கு மேல் சேர்ந்திருக்கும். தற்செயல் ஏற்ற இறக்கம் 0.6% அளவுக்குச் சுருங்கிவிடும். அங்கேயும் 91 என்றால் எங்கோ நிஜமாகவே ஒழுகுகிறது. பெரும்பாலும் மெஷின் பக்கம்தான்: சூடு, பழுதான ஹாஷ்போர்டு, நடுவில் அறுந்துபோகும் இணையம். ரிஜெக்ட் ஆகும் ஷேர்கள் 1 சதவீதத்தைத் தாண்டினால் பூலிடம் காரணம் கேளுங்கள். ரிஜெக்ட் எண்ணிக்கையையே காட்டாத பூலை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடத்துக்குக் கீழே 'பத்து நிமிடச் சராசரி, 7% அளவுக்கு, சில நேரம் அதற்கு மேலும் ஆடும்' என்று ஒரு வரி எழுதிவையுங்கள். உங்களுக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி அந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும்.

மூன்று நாளாகப் பிளாக்கே இல்லை. 'லக் சரியில்லை' என்கிறார்கள். நம்பலாமா?

லக் என்பது மழுப்பல் வார்த்தை போலத் தோன்றும், ஆனால் அதை அளக்க முடியும். சராசரியாக நாளுக்கு ஒரு பிளாக் காணும் பூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு முழு நாள் வெறுமையாகப் போக 37% வாய்ப்பு. இரண்டு நாளுக்கு 13.5%, மூன்று நாளுக்கு 5%, ஐந்து நாளுக்கு 0.7%. ஆண்டுக்குச் சுமார் 365 பிளாக், அதாவது 365 இடைவெளிகள்; அவற்றில் 5% என்றால் மூன்று நாளுக்கு மேல் நீளும் வறட்சி ஆண்டுக்கு 18 தடவை வரும். ஐந்து நாள் வறட்சிகூட ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை வரத்தான் செய்யும். மூன்றாம் நாளே 'மோசடி' என்று கத்துவது நியாயமில்லை.

நீண்ட கணக்குதான் உண்மையைச் சொல்லும். 100 பிளாக் வர வேண்டிய காலத்தில் 90 வந்தால் அது சாதாரணம். 80 என்றால் ஐம்பதில் ஒரு தடவை நடக்கக்கூடியது. 70 என்றால் ஆயிரத்தில் ஒன்று; அப்போது 'லக்' என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ள நடத்துபவருக்கு உரிமை இல்லை. தன் மென்பொருளில் பிழையா, யாராவது பிளாக்கை மறைக்கிறார்களா என்று அவரே தேட வேண்டும்.

எலிஜியஸ் பூலில் 2014இல் நடந்தது அதுதான். சிலர் தங்கள் மெஷினிலிருந்து சாதாரண ஷேர்களை மட்டும் அனுப்பிவிட்டு, பிளாக்காக அமையும் ஷேரை மட்டும் அனுப்பாமல் விட்டார்கள். கூலி வாங்கிக்கொண்டு விளைச்சலை மறைப்பது. பூலுக்குச் சுமார் 300 பிட்காயின் இழப்பு. அந்த ஜூனில் நடத்துபவர்களே இதைக் கண்டுபிடித்து, எப்படிப் பிடித்தோம், எவ்வளவு போனது என்று பொதுவில் எழுதினார்கள். தன் பூல் ஏமாற்றப்பட்டது என்று சொல்ல யாருக்கும் கௌரவக் குறைச்சல்தான், ஆனாலும் சொன்னார்கள். மற்ற பூல்களும் தங்கள் கணக்கைத் திருப்பிப் பார்க்க அது உதவியது.

கண்டுபிடித்த எல்லாப் பிளாக்குகளையும் உயரத்தோடும் (சங்கிலியில் அதன் வரிசை எண்) தேதியோடும் பட்டியலிடும் பூலில் இந்த லக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். கடைசி பத்தை மட்டும் காட்டும் பூலில் முடியாது.

பிபிஎஸ், எஃப்பிபிஎஸ், பிபிஎல்என்எஸ்: எது நேர்மையான முறை?

மூன்றும் நேர்மையானவையே. பிபிஎஸ்ஸில் பிளாக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஷேருக்கு நிலையான தொகை. நஷ்டம் வந்தால் பூலின் தலையில். எஃப்பிபிஎஸ்ஸில் அதோடு பரிவர்த்தனைக் கட்டணத்தின் சராசரிப் பங்கும் உண்டு. பிபிஎல்என்எஸ்ஸில் பிளாக் கிடைத்தால்தான் பணம். ஏற்றமும் இறக்கமும் உங்களுடையது. எந்த முறை என்பதைவிட, அதன் சூத்திரம் எழுத்தில் இருக்கிறதா என்பதே முக்கியம்: எத்தனை ஷேர் பின்னோக்கி எண்ணுகிறார்கள், கட்டணச் சராசரியை எந்தக் காலத்துக்கு எடுக்கிறார்கள், நெட்வொர்க் ஏற்காமல் போன பிளாக்கின் நஷ்டம் யாருக்கு.

கட்டணப் பங்கு சில்லறைக் காசு என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஏப்ரலில் ஹாவிங் நடந்த 8,40,000ஆவது பிளாக்கில் வெகுமதி 3.125 பிட்காயின், கட்டணம் மட்டும் 37 பிட்காயினுக்கு மேல். வையாபிடிசி பூல் கண்ட பிளாக் அது. அன்றைக்குக் கட்டணத்தைப் பங்கிடும் பூலில் இருந்தவருக்கும், வெறும் பிபிஎஸ்ஸில் இருந்தவருக்கும் வருமானத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

தவறுதலாக வந்த பெரிய தொகை யாருக்குச் சேரும்?

2023 செப்டம்பர் 10 அன்று பாக்ஸோஸ் நிறுவனம் சுமார் 2,000 டாலர் அனுப்பப் போய், மென்பொருள் பிழையால் 19.8 பிட்காயினைக் கட்டணமாகக் கட்டிவிட்டது. அன்றைய மதிப்பில் ஐந்து லட்சம் டாலர். அந்தப் பிளாக் எஃப்டூபூலுக்குக் கிடைத்தது. நிறுவனர்களில் ஒருவரான சுன் வாங், மூன்று நாளில் யாரும் உரிமை கோராவிட்டால் மைனர்களுக்குப் பங்கிடுவோம் என்று அறிவித்தார். பாக்ஸோஸ் முன்வந்தது, பணம் திரும்பிப் போனது.

திருப்பிக் கொடுத்தது சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 'எங்கள் ஹாஷ்ரேட்டில் வந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க நீங்கள் யார்?' என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது, பணம் கைக்கு வந்ததும் கெடுவையும் முடிவையும் பொதுவில் சொன்னது. இப்படி நடந்தால் என்ன செய்வோம் என்று விதிமுறையிலேயே எழுதிவைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இன்று பூல் நடத்துபவர் யாரும் அந்தப் பத்தியை எழுதாமல் இருக்கக் காரணமே இல்லை.

ஹேக் நடந்தால் முதல் சில மணி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும்?

என்ன போனது, என்ன போகவில்லை, யார் இழப்பை ஏற்பது. முதல் இரண்டையும் தெரிந்த அளவுக்கு உடனே சொல்ல வேண்டும். மூன்றாவதை இழுத்தடிக்கக் கூடாது.

2012 மார்ச்சில் லினோட் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர்களுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். ஸ்லஷ் பூலின் 3,094 பிட்காயின் போனது. பூலை நடத்திய மரேக் பலாட்டினஸ் தொகையை அப்படியே சொல்லி, நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொண்டார். பயனர்களின் பாக்கியில் கை வைக்கவில்லை.

2017 டிசம்பர் 6 அன்று ஸ்லோவேனியாவின் நைஸ்ஹாஷிலிருந்து சுமார் 4,700 பிட்காயின் திருடு போனது. அது பூல் அல்ல, ஹாஷ்ரேட் வாங்கி விற்கும் சந்தை. ஆனால் பயனரின் நிலைமை ஒன்றுதான். சேவையை நிறுத்தினார்கள், திருட்டை ஒப்புக்கொண்டார்கள், இரண்டு வாரத்தில் மீண்டும் திறந்தார்கள். பழைய பாக்கியைத் தவணைகளாகக் கொடுத்துக்கொண்டே வந்து 2020 டிசம்பரில் முழுவதும் தீர்த்தார்கள். மூன்று ஆண்டு காத்திருப்பு என்பது சிறிய துன்பமில்லை. ஆனாலும் எவ்வளவு வந்தது, எவ்வளவு மிச்சம் என்று கடன்பட்டவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

'தொழில்நுட்பக் கோளாறு, பணம் எடுப்பது தற்காலிகமாக நிறுத்தம்' என்ற அறிவிப்பை எப்படிப் படிப்பது?

கவலையோடு படியுங்கள். எது கோளாறு, எப்போது சரியாகும், பணம் எங்கே இருக்கிறது என்ற மூன்றுக்கும் அதில் பதில் இல்லையென்றால் மெஷினை அன்றே வேறு பூலுக்கு மாற்றுங்கள். பழைய பாக்கியைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். புதிதாகப் பாக்கி சேர விடாதீர்கள்.

பூலின் (Poolin) என்ற பெயருள்ள சீனப் பூல் அப்போது உலகின் பெரிய பூல்களில் ஒன்று. 2022 செப்டம்பர் 5 அன்று, பலரும் ஒரே நேரத்தில் பணம் எடுத்ததால் தன் வாலட் சேவையில் பணப்புழக்கச் சிக்கல் என்று அறிவித்து, எடுப்பதை நிறுத்தியது. 'தொழில்நுட்பம்' என்று மூடி மறைக்காமல் பணப்புழக்கம் என்றே சொன்னார்கள். அந்த அளவுக்குப் பாராட்டலாம். பிறகு பாக்கிக்குப் பதிலாகக் கடன் பத்திரம் போன்ற டோக்கன்களைக் கொடுத்தார்கள். மைனர்கள் கூட்டமாக வெளியேறினார்கள்.

எனக்கு அதில் உறுத்துவது வேறு. மைன் செய்து ஈட்டிய பணம் கேட்டவுடன் எடுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். அதில் பணப்புழக்கச் சிக்கல் எப்படி வரும்? வந்தது என்றால், அந்தப் பணம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று பொருள். அதைச் சிக்கல் வருவதற்கு முன்பே பயனருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இதனால்தான் பேஅவுட் வரம்பை (இவ்வளவு சேர்ந்தால் பூல் பணத்தை உங்களுக்கு அனுப்பும் என்ற அளவை) குறைவாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பூல் நடத்துபவர் கணக்கில் உங்கள் பணம் எவ்வளவு குறைவாகத் தூங்குகிறதோ அவ்வளவு நல்லது.

பூலை மூடப் போகிறவர் எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும்?

முடிந்தவரை முன்னதாக. எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கையே கைவிட்டது. பெரிய பூலான எத்தர்மைன் ஆகஸ்டிலேயே பயனர்களுக்குச் சொல்லிவிட்டது. ஸ்பார்க்பூலுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 2021 செப்டம்பர் 24 அன்று சீன மத்திய வங்கியின் கட்டுப்பாடு வந்தது, மாத இறுதிக்குள் மூட வேண்டியதாயிற்று. ஒரு வாரத்துக்குள் எல்லாமே. அப்போதும் தேதிகளைத் தெளிவாகச் சொல்லி, படிப்படியாக நிறுத்தினார்கள்.

வரம்பைத் தொடாத சின்னப் பாக்கிகளை என்ன செய்வீர்கள் என்பதையும் மூடும் அறிவிப்பில் எழுத வேண்டும். ஆயிரம் பேரின் சில்லறை சேர்ந்தால் அது சில்லறை இல்லை.

எந்தப் பரிவர்த்தனையைச் சேர்ப்பது, விடுவது என்பது பூலின் சொந்த விஷயம்தானே? அதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும்?

உங்கள் மின்சாரத்தில் ஓடும் ஹாஷ்ரேட் எதற்குப் பயன்படுகிறது என்பது உங்கள் விஷயமும்தான்.

2015 ஜூலை 4 அன்று பிட்காயினில் ஒரு புதிய விதி அமலுக்கு வந்தது. அதை ஏற்றுச் சரிபார்ப்பதாகப் பூல்கள் தங்கள் பிளாக்குகளில் குறியிட்டிருந்தன. ஒரு சிறிய பூல் விதிக்குப் பொருந்தாத பிளாக்கை உருவாக்கியது. எஃப்டூபூல் உள்ளிட்ட பெரிய பூல்கள் அதைச் சரிபார்க்காமலே அதன் மேல் அடுத்தடுத்த பிளாக்குகளைக் கட்டின. நேரத்தை மிச்சப்படுத்த அவை முந்தைய பிளாக்கின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கும் வழக்கம் வைத்திருந்தன. ஆறு பிளாக் நீளத்துக்குப் போன அந்தச் சங்கிலி செல்லாமல் போயிற்று. நஷ்டம் 50,000 டாலருக்கு மேல். 'சரிபார்க்கிறோம்' என்று நெட்வொர்க்குக்குச் சொல்லிவிட்டுச் சரிபார்க்காமல் இருந்ததை மைனர்கள் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

2023 நவம்பரில் இன்னொன்று. அமெரிக்கத் தடைப்பட்டியலில் உள்ள முகவரிகளின் பரிவர்த்தனைகள் எஃப்டூபூலின் பிளாக்குகளில் விடுபடுவதை ஒரு ஆய்வாளர் தரவுகளோடு வெளியிட்டார். சுன் வாங் அதை ஒப்புக்கொண்டு, வடிகட்டியை நிறுத்துவதாகச் சொன்னார். பூல் வடிகட்டலாமா என்பது தனி விவாதம். அதற்கு அந்தந்த நாட்டுச் சட்டமும் காரணமாகலாம். வெளியாள் கண்டுபிடித்த பிறகு பூல் பேசியதுதான் இங்கே குறை.

அடுத்த மாதமே ஓஷன் பூலில் இதே சர்ச்சை. அங்கே வடிகட்டும் கொள்கையை நடத்துபவர்கள் ஒளிக்கவில்லை, வெளிப்படையாக வாதாடினார்கள். எதிர்ப்பு வந்ததும் மைனரே பிளாக் டெம்ப்ளேட்டை (எந்தப் பரிவர்த்தனைகள் சேரும் என்ற வரைவை) தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுத்தார்கள். அவர்கள் கொள்கையோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இருந்தாலும் பிடிக்காதவர் வெளியேறவும், பிடித்தவர் தெரிந்தே தங்கவும் அது வழி விட்டது.

பூல் மிகப் பெரிதாகிவிட்டால்?

2014 ஜூனில் ஜிஹாஷ்.ஐஓ பூல் நெட்வொர்க்கின் பாதி ஹாஷ்ரேட்டைத் தாண்டியது. பாதிக்கு மேல் ஒரே கையில் போனால் நெட்வொர்க்கே அவர் கட்டுப்பாட்டுக்குள் போய்விடும் என்ற பயம் எழுந்தது. பிட்ஃபியூரி நிறுவனம் தன் மெஷின்களில் ஒரு பகுதியை அங்கிருந்து விலக்கியது. ஜூலையில் பூல் தரப்பு 39.99 சதவீதத்தைத் தாண்ட மாட்டோம் என்று உறுதி கொடுத்தது. எட்டு ஆண்டு கழித்து மொனேரோ என்ற வேறொரு காயினில் மைன்எக்ஸ்எம்ஆர் பூல் 40 சதவீதத்தைத் தாண்டி, அதே எதிர்ப்பைச் சந்தித்து, 2022 ஆகஸ்டில் மூடிக்கொண்டது. பெரிய பூல் நடத்துபவர் தன் பங்கு எவ்வளவு என்பதை மற்றவர்கள் சொல்லித் தெரியவிடக் கூடாது.

திரையில் காட்டும் எண்ணே கற்பனையாக இருந்தால்?

இருந்திருக்கிறது. பிட்கிளப் நெட்வொர்க் 2014 முதல் 2019 வரை, மைனிங் பூலில் பங்கு தருவதாகச் சொல்லிக் குறைந்தது 72.2 கோடி டாலர் திரட்டியது என்று அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. பயனர்களுக்குக் காட்டும் தினசரி மைனிங் வருமானத்தை இன்றிலிருந்து 60% கூட்டிக் காட்டு என்று ஒருவர் எழுத, அது போன்ஸி (புதியவர்களின் பணத்தைப் பழையவர்களுக்குக் கொடுக்கும் மோசடி) ஆகிவிடுமே என்று மென்பொருள் எழுதுபவர் பதில் போட்டுவிட்டுச் சம்மதிக்கிறார். இந்த உரையாடல் குற்றப்பத்திரிகையிலேயே இருக்கிறது. அந்த மென்பொருளாளர் 2020 ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கவனியுங்கள்: பிட்கிளப் நிஜமாகவே பிளாக்குகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த பூல். பூல் இருந்தது நிஜம், காட்டிய வருமானம்தான் பொய்.

இந்தியாவிலும் இதே வடிவம் வந்தது. அமித் பரத்வாஜின் கெயின்பிட்காயின் திட்டம், போட்ட பிட்காயினுக்கு மாதம் 10% வீதம் 18 மாதம் தருவதாகச் சொன்னது. ஜிபிமைனர்ஸ் என்ற பூலும் அவர்கள் பக்கம் இருந்தது. பிறகு பிட்காயினுக்குப் பதில் சொந்த டோக்கனைக் கொடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர் 2022 ஜனவரியில் இறந்தார். வழக்கை சிபிஐ விசாரிக்கிறது.

மேலே போட்ட கணக்கு இங்கே உங்களைக் காப்பாற்றும். டிஃபிகல்ட்டி ஏறினால் மைனிங் வருமானம் இறங்கியே ஆக வேண்டும். மாதாமாதம் நூல் பிடித்தாற்போல் ஒரே சதவீதம் வருகிறது என்றால் அது மைனிங்கிலிருந்து வரவில்லை.

பயனர் பக்கம் கடமையே இல்லையா?

இருக்கிறது. பூல்கள் முன்பு பிளாக் வெகுமதியை அந்தச் சுற்றின் ஷேர்களுக்கு நேர்விகிதமாகப் பிரித்தபோது, சுற்றின் தொடக்கத்தில் மட்டும் வந்து ஷேர் போட்டுவிட்டு அடுத்த பூலுக்குத் தாவினவர்கள் நிறைய. நஷ்டம் நிலையாக இருந்தவர்களுக்கு. பிபிஎல்என்எஸ் போன்ற முறைகள் வந்ததே அதனால்தான்.

புகார் எழுதுவதிலும் நேர்மை வேண்டும். 'பூல் திருடுது' என்று டெலிகிராம் குழுவில் போட்டால் நடத்துபவருக்குத் தேட எதுவும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

'ஒர்க்கர் பெயர் மாடி2. 14ஆம் தேதி இந்திய நேரம் இரவு 10 முதல் 15ஆம் தேதி காலை 6 வரை மெஷினில் 98 டெராஹாஷ், உங்கள் பக்கம் 81. ரிஜெக்ட் 0.3%. மற்ற மெஷின்கள் சரியாக இருக்கின்றன. மெஷின் லாக் இணைத்திருக்கிறேன். அந்த எட்டு மணி நேரத்தில் உங்களுக்கு வந்த ஷேர் எண்ணிக்கை என்ன?'

இதற்கும் பதில் வராவிட்டால் தாராளமாகப் பொதுவில் கேளுங்கள். மெஷினில் பொதுவாக மூன்று பூல் முகவரி போட இடம் இருக்கும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வேறு நிறுவனங்களின் பூல்களைப் போட்டுவையுங்கள். ஒரே பூலின் மூன்று சர்வர்களைப் போட்டால், அந்தப் பூலே படுக்கும் நாளில் உதவாது.

சிறிய பூல் நடத்துகிறேன். சர்வர் விழுந்தால் அறிவிப்பு எப்படி எழுதுவது?

நேரம், காரணம், யாருக்குப் பாதிப்பு, ஈடு, இன்னும் தெரியாதது, அடுத்த தகவல் எப்போது. மாதிரிக்கு ஒன்று:

'இன்று இந்திய நேரம் காலை 6:10 முதல் 7:45 வரை எங்கள் சிங்கப்பூர் சர்வர் ஷேர்களை ஏற்கவில்லை. டிஸ்க் நிரம்பியது காரணம். நாங்கள் கவனித்திருக்க வேண்டும். பேக்கப் சர்வருக்கு மாறியவர்களுக்கு இழப்பில்லை. மற்றவர்களுக்கு விடுபட்ட 95 நிமிடத்தை, முந்தைய ஆறு மணி நேரச் சராசரிப்படி கணக்கிட்டு இன்றிரவு பேஅவுட்டில் சேர்க்கிறோம். 7:45க்குப் பிறகும் சிலருக்கு ரிஜெக்ட் அதிகமாக வருகிறது. காரணம் இன்னும் தெரியவில்லை. மதியம் 1 மணிக்கு மறுபடி எழுதுகிறோம்.'

ஒரு மணிக்குப் புதிய தகவல் எதுவும் இல்லாவிட்டாலும் 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதுங்கள். பழைய அறிவிப்புகளை நீக்காதீர்கள். கமிஷன் மாற்றினால் பழைய விகிதம், புதிய விகிதம், அமலாகும் தேதி மூன்றையும் ஒரே இடத்தில் போடுங்கள்.

எல்லாவற்றையும் சொன்னால் தாக்குபவர்களுக்குத்தானே உதவி?

சிலவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. சர்வர்களின் உள் முகவரிகள், தாக்குதலைத் தடுக்கும் அமைப்பின் விவரம், வாலட் சாவிகளை யார் வைத்திருக்கிறார்கள் என்பது, எந்தப் பயனர் எவ்வளவு ஈட்டுகிறார் என்பது: இவை உள்ளேயே இருக்கட்டும். பிளாக்கை மறைப்பவர் ஒருவரைச் சந்தேகிக்கும்போது, உறுதியாகும்வரை அவர் முகவரியை வெளியிடாதீர்கள். அவர் பேஅவுட்டை நிறுத்திவைத்தால் அதை அவருக்கு மட்டும் காரணத்தோடு எழுதுங்கள். பாதுகாப்பு ஓட்டை இருந்தால் அடைத்த பிறகு எழுதலாம்.

இந்தப் பட்டியலில் கமிஷன், லக், கட்டணப் பங்கு, பாக்கிப் பணம் இருக்கும் இடம், வடிகட்டும் கொள்கை எதுவும் இல்லை. அவற்றைத் தெரிந்துகொண்டு எந்தத் தாக்குபவரும் ஒன்றும் செய்ய முடியாது. 'பாதுகாப்புக் காரணங்களால் சொல்ல இயலாது' என்று இவற்றுக்குப் பதில் வந்தால், எது எப்படிப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.